தராசும் முள்முடியும்



ஜப்பான் – தென்கொரியா உறவு என்றால் அரசுகளின் கதையைத்தான் சொல்வார்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்டது. 1965இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 30 கோடி டாலர் நிதியுதவி, 20 கோடி டாலர் கடன். அந்தப் பணத்தில் எஃகு ஆலை வந்தது, நெடுஞ்சாலை வந்தது. கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 2018இல் அவர்களுக்கு இழப்பீடு தரும்படி ஜப்பானிய நிறுவனங்களுக்குத் தென்கொரிய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே செமிகண்டக்டர் மூலப்பொருட்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது.

நான் பேச வந்தது இன்னொரு உறவைப் பற்றி.

ஜப்பானில் தோல் பதனிட்டவர்களை, மாடறுத்தவர்களைத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். அவர்கள் புராக்குமின் மக்கள். 1871இல் சட்டம் அவர்களை விடுவித்தது, ஊர் விடுவிக்கவில்லை. கொரியாவில் அதே தொழில்களைச் செய்த பெக்ஜோங் மக்களுக்கு 1894இல் இதே கதை நடந்தது. சட்டம் போட்டும் தீண்டாமை போகாத கதை நமக்குப் புதிதில்லை.

1922 மார்ச்சில் கியோட்டோவில் புராக்குமின் மக்கள் 'சுய்ஹெய்ஷா'வைத் தொடங்கினார்கள். கறுப்புக் கொடி, அதில் சிவப்பு முள்முடி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜின்ஜு நகரில் 'ஹியோங்பியோங்சா' பிறந்தது. முதல் பெயர் நீரின் சமமட்டத்தைக் குறிக்கிறது. இரண்டாவது, கறிக்கடைத் தராசின் சமநிலையை. ஆண்ட நாட்டின் ஒதுக்கப்பட்டவர்களும் அடிமை நாட்டின் ஒதுக்கப்பட்டவர்களும் வாழ்த்து அனுப்பினார்கள், ஆட்கள் போய்வந்தார்கள். அந்த ஆவணங்கள் 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறின.

இதைப் பெருமையோடு முடித்துவிட முடியாது. 1930களின் பிற்பகுதியில் சுய்ஹெய்ஷா தலைமை போருக்கு ஒத்துழைத்தது. 'நீயும் பேரரசின் குடிமகன்' என்று அரசு நீட்டிய கையைப் பிடித்தபோது, கொரியத் தோழர்களின் கை நழுவியது. 1942இல் அமைப்பே இல்லாமல் போனது. ஹியோங்பியோங்சாவும் 1935இல் பெயர் மாற்றிக்கொண்டு, போராட்டக் குணத்தை இழந்தது.

தேசியம் நமக்கும் அப்படித்தான் கை நீட்டும். 'நீயும் நம்மவன்தான், வா' என்று அழைக்கும். யாரை மிதிப்பதற்காகக் கூப்பிடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம். எல்லைக்கு அந்தப் பக்கமும் நம்மைப் போலச் சேரிக்குத் தள்ளப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அரசுகள் கைகுலுக்கும்வரை காத்திருக்காமல், அவர்களுக்கு நாமே கடிதம் எழுதத் தொடங்கலாம்.