தலைமை மாறும்போது



பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஒருவர் வருவதும் போவதும் இயல்பு. ஒருவர் மாற்றலாகிப் போவார்; ஒருவர் வயது நிறைந்து ஓய்வு பெறுவார். அவ்வாறு போகும்போது அவரோடு பள்ளியைவிட்டுப் போவது யாது என்பதைக் குறித்தே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மே 7ஆம் நாள், அரசு ஊழியரும் ஆசிரியரும் ஓய்வு பெறும் வயதைத் தமிழக அரசு 58இலிருந்து 59 ஆக உயர்த்திற்று. 2021 பிப்ரவரி 25ஆம் நாள் அது 60 என அறிவிக்கப்பட்டது. ஆகவே, 2020 மே இறுதியில் விடைபெற வேண்டியவர்கள் 2022 மே இறுதிவரை பணியில் இருந்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

அதனால் விளைந்த நன்மையை எங்கள் மணலியை வைத்தே சொல்லலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த ஊர் இது. பல வீடுகளில் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி அல்லது லாரி ஓட்டுநர். வேலை நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் குடும்பம் சொந்த ஊருக்குப் புறப்படும். பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை ஊரில் இரான். கைப்பேசி வழியே பாடம் என்றோம். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போயிருக்கும். பாடநூல்களையும், சத்துணவுக்கு மாற்றாக அரிசி பருப்பையும் வழங்கியபோது, வாங்க வாராதவர் யார் என்று பார்த்தே காணாமற்போன பிள்ளைகளை அறிந்தோம். எந்தத் தெருவில் எவரைக் கேட்டால் செய்தி கிடைக்கும் என்பது, அங்கே பல்லாண்டு பழகியவர்க்கே தெரியும்.

2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பள்ளியின் பழைய ஏடுகளே அன்று மாணவர்தம் எதிர்காலத்தை எழுதின.

பிற நாடுகளிலும் இக்கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் 2020–21 கல்வியாண்டில் அரசுப் பள்ளித் தலைமையில் இருந்தோருள் 100க்கு ஏறத்தாழ 11 பேர் மறு ஆண்டில் அப்பொறுப்பையே விட்டுவிட்டனர். இங்கே அரசாணை நம்மவரை நிறுத்திற்று. ஆயினும் ஆணையால் பெறத்தக்கது காலம் ஒன்றே. அக்காலத்தைக் கொண்டு என்ன செய்தோம் என்பதே வினா.

2022 ஜூன் திங்களில் தொடங்கியது, பெருந்தொற்றுக்குப்பின் முழுமையாக நடந்த முதற் கல்வியாண்டு. பிள்ளைகள் திரும்பிய அவ்வேளையில்தான், அவர்கள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்ட தலைமையாசிரியர் பலர் விடைபெற்றனர். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவி, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, நாற்காலிக் கணக்கு யாவற்றிற்கும் கையொப்பம் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்று பட்டறைக்குப் போன சிறுவனுக்குக் கையொப்பம் இல்லை. அவன் பெயரைப் புதியவர்க்கு யார் சொல்வது? தலைமைப் பணியிடம் காலியாகவே கிடந்து, மூத்த ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புகளோடு அப்பொறுப்பையும் சுமக்க நேர்ந்தால், கேட்பதற்குக்கூட அவருக்கு நேரம் இராது.

போகிறவரும் வருகிறவரும் ஒரு திங்களேனும் சேர்ந்து பணியாற்ற வழி வேண்டும். அது கூடாதெனில், ஒரு குறிப்பேடாவது வேண்டும். நான் விடைபெறுமுன் நாற்பது பக்கத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன்; அதில் பிள்ளைகளின் பெயரும், வராத காரணமும், போய்ப் பார்க்க வேண்டிய வீடும் தவிர வேறொன்றும் இல்லை.

நண்பர்களே, தலைவர் மாறினும் நீங்கள் அதே பள்ளியில் சில ஆண்டுகள் இருப்பீர்கள். புதிய தலைமையாசிரியர் வந்தால் மாலையிட்டு வரவேற்பது நன்று. அதனினும் நன்று, நேற்றுவரை உங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்து இன்று வராத தோழனின் பெயரை அவரிடம் சொல்வது. அவர் முதல் நாளில் அறிய வேண்டிய செய்தி அதுவே.