மரத்தடி மண்ணைப் பயறு வைத்துச் சோதிக்கலாம்

மழை ஓய்ந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைகளில் புல் மண்டிவிடும். உடனே களைக்கொல்லி அடிக்கிறார்கள். பக்கத்து வீட்டு வேப்பமர வேர் மதிலைத் தாண்டி அங்கேதான் ஓடுகிறது, பாவம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மரத்தடித் துளிரில் பட்டால் வேர்வரை இறங்கும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. டையூரான் போன்ற களைக்கொல்லிகளோ மாதக்கணக்கில் மண்ணில் தங்கி வேர் வழியே ஏறும்.

அதனால், மருந்து அடித்த இடத்தில் மரக்கன்று வைக்குமுன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். மருந்து பட்ட மண் ஒரு தொட்டியில், படாத மண் இன்னொன்றில். இரண்டிலும் பச்சைப்பயறு போட்டு வெயிலில் வையுங்கள். முளைத்ததும் முடிவுகட்டாதீர்கள், விதையில் இருக்கும் சத்து தீரும்வரை செடி செழிப்பாகவே தெரியும். மூன்று வாரம் பாருங்கள். முதல் தொட்டியில் மட்டும் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால், அந்த இடத்தில் இப்போதைக்குக் கன்று நடவேண்டாம்.