மொசாம்பிக்கின் பதினாறாண்டுப் போர்: தோற்றம் பற்றிய வழக்கு
(கருத்தரங்கத் தலைமை உரை)

1975 ஜூன் 25 அன்று மொசாம்பிக் விடுதலை பெற்றது. போர்த்துகீசிய ஆட்சியை எதிர்த்துப் பத்தாண்டுக் காலம் ஆயுதம் ஏந்திய ஃப்ரெலிமோ இயக்கம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. அதன் தலைவர் சமோரா மச்செல் முதல் குடியரசுத் தலைவரானார். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அதே மண்ணில் இன்னொரு போர் மூண்டது. 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை அது ஓயவில்லை. அப்போரில் மாண்டவர்கள் பத்து லட்சம் பேர் வரை இருப்பர் என்று மதிப்பிடப்படுகிறது. குண்டுக்கும் கத்திக்கும் இரையானவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் இரையானவர்களே அதிகம். சுமார் 17 லட்சம் பேர் எல்லை தாண்டி அகதிகளாயினர். அவர்களில் பத்து லட்சத்தை ஒட்டியவர்களுக்கு மலாவி என்ற சிறிய, ஏழை நாடு இடம் தந்தது.

இந்தப் போர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஆய்வுலகம் இரண்டு விடைகளைத் தந்துள்ளது. அண்டையிலிருந்த வெள்ளையர் அரசுகள் திட்டமிட்டு ஏவிவிட்ட போர் என்பது முதல் விடை. புதிய அரசே தன் கிராமக் கொள்கையால் குடியானவர்களைப் பகைத்துக்கொண்டு வரவழைத்த போர் என்பது இரண்டாவது. இரு தரப்பிலும் வலுவான சான்றுகள் உண்டு. இரு தரப்பிலும் அரசியல் பற்றும் உண்டு. எனவே ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளுவதற்கு முன், ஒவ்வொரு சான்றும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பது இக்கருத்தரங்கின் முதற்கடமையாகிறது.

விடுதலையின்போது நாடு இருந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும். மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் போர்த்துகீசியக் குடியேறிகளில் பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளில் வெளியேறினர். தொழில்நுட்பர்களும் எழுத்தர்களும் போனார்கள்; கிராமத்துச் சோளத்தையும் முந்திரியையும் வாங்கி, துணியும் உப்பும் மண்வெட்டியும் விற்ற சிறு கடைக்காரர்களும் போனார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1975இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மொசாம்பிக் தொழிலாளர்கள் இருந்தனர். தென்னாப்பிரிக்கா ஆள் எடுப்பதைக் குறைத்ததால் அந்த எண்ணிக்கை வெகுவிரைவில் பாதிக்கும் கீழே சரிந்தது. 1976 மார்ச்சில், ஐ.நா. விதித்த தடைக்கு இணங்க, மச்செல் அரசு ரொடீசியாவுடனான எல்லையை மூடியது. சரக்குப் போக்குவரத்தை நம்பியிருந்த பெய்ரா துறைமுகம் வருவாய் இழந்தது. ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த ஜிம்பாப்வே விடுதலைப் படையினருக்கு மொசாம்பிக் இடமும் அளித்தது. பதிலடியாக ரொடீசியப் படை எல்லை தாண்டிவந்து தாக்கத் தொடங்கியது.

புற ஏவல் என்ற விளக்கம் இங்கிருந்து தொடங்குகிறது. ரொடீசிய உளவுத்துறையின் தலைவராக இருந்த கென் ஃப்ளவர், 1987இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பில், பின்னாளில் ரெனாமோ எனப்பட்ட அமைப்பு தம் துறையின் படைப்பு என்று வெளிப்படையாகவே எழுதினார். 1976இல் ரொடீசிய மண்ணிலிருந்து மொசாம்பிக் அரசுக்கு எதிரான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. ரெனாமோவின் முதல் படைத்தலைவர் ஆந்த்ரே மட்சங்கைசா, ஃப்ரெலிமோ படையில் பணியாற்றி, பின்னர் மறுகல்வி முகாமில் அடைக்கப்பட்டு, தப்பி ரொடீசியாவுக்குப் போனவர். 1979 அக்டோபரில் கொரொங்கோசாப் பகுதியில் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். தலைமை அஃபோன்சோ த்லகாமாவிடம் வந்தது.

1980 ஏப்ரலில் ரொடீசியா மறைந்து ஜிம்பாப்வே பிறந்தது. பிறப்பித்த அரசு போனதும் ரெனாமோவும் மறைந்திருக்க வேண்டும். ஆனால் தென்னாப்பிரிக்க இராணுவ உளவுப் பிரிவு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. டிரான்ஸ்வாலின் பலபோர்வா பகுதியில் பயிற்சித் தளம் அமைந்தது. சில ஆண்டுகளிலேயே சிறு படை பல்லாயிரம் பேர் கொண்டதாக வளர்ந்து, நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் பரவியது. 1984 மார்ச் 16 அன்று மச்செல் அரசு தென்னாப்பிரிக்காவுடன் இங்கோமாட்டி உடன்படிக்கை செய்துகொண்டது. ஒருவர் மற்றவரின் எதிரிகளுக்கு உதவக் கூடாது என்பதே அதன் சாரம். 1985 ஆகஸ்டில் ஜிம்பாப்வே, மொசாம்பிக் படைகள் ரெனாமோவின் கொரொங்கோசாத் தலைமையகத்தைக் கைப்பற்றியபோது சிக்கிய நாட்குறிப்புகள், உடன்படிக்கைக்குப் பின்னும் தென்னாப்பிரிக்க உதவி தொடர்ந்ததைக் காட்டின. ஜோசஃப் ஹான்லன், வில்லியம் மின்ட்டர், அலெக்ஸ் வைன்ஸ் ஆகியோரின் நூல்கள் இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்தவை. முன்னாள் ரெனாமோ வீரர்களைச் சந்தித்துப் பேசிய மின்ட்டர், அவர்களில் பெரும்பாலோர் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர், கடத்தப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டவர்கள் என்று கண்டார்.

இந்த விளக்கம் தொடாத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பணமும் துப்பாக்கியும் மட்டுமே ஒரு படையை நாட்டின் நீள அகலமெங்கும் பதினாறு ஆண்டுகள் உலவவிடுமா? ஊருக்குள் நுழைய வழிகாட்டி வேண்டும். சோறு போட ஆள் வேண்டும். அரசுப் படை வருகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1980களின் இறுதியில் இந்த இடத்தில்தான் அக வேர் பற்றிய விளக்கம் நுழைந்தது.

அதற்கு அடிப்படையிட்டவர் பிரெஞ்சு மானிடவியலாளர் கிறிஸ்டியன் ஜெஃப்ரே. வடக்கே நம்புலா மாகாணத்தின் எராட்டிப் பகுதியில் மக்குவா மக்களிடையே கள ஆய்வு செய்து, 1990இல் தம் நூலை வெளியிட்டார். அவர் விளக்கம் அரசின் கொள்கையிலிருந்து தொடங்குகிறது. 1977 பிப்ரவரியில் நடந்த மூன்றாவது மாநாட்டில் ஃப்ரெலிமோ தன்னை மார்க்சிய-லெனினிய முன்னணிக் கட்சியாக அறிவித்துக்கொண்டது. குலத்தலைவர்கள் காலனி ஆட்சியின் கையாட்கள் என்று பதவியிறக்கப்பட்டனர். மழை வேண்டும் சடங்கும் முன்னோர் வழிபாடும் மூடநம்பிக்கை எனப்பட்டன. சிதறிய குடியிருப்புகளில் தத்தம் நிலத்தருகே வாழ்ந்தவர்கள் கூட்டுக் கிராமங்களுக்குக் குடிபெயருமாறு சொல்லப்பட்டனர். பல இடங்களில் வற்புறுத்தப்பட்டனர். 1980களின் தொடக்கத்தில் சுமார் 18 லட்சம் பேர் அக்கிராமங்களில் இருந்தனர். பள்ளியும் மருந்தகமும் வரும் என்ற வாக்குறுதி சில ஊர்களில் நிறைவேறியது, பல ஊர்களில் இல்லை. வேளாண்மைக்கான அரசு முதலீட்டில் பெரும்பகுதி அரசுப் பண்ணைகளுக்குப் போனது. குடும்ப வேளாண்மைக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். தோட்டம் தொலைவாகிப்போன குடியானவருக்கும், தன் மூதாதையர் நிலத்தில் அன்னியர் வந்து குடியேறக் கண்ட குலத்துக்கும், அவமதிக்கப்பட்ட தலைவருக்கும் ரெனாமோவின் வருகை ஒரு வாயிலைத் திறந்தது. தலைவர் ஒருவர் தம் மக்களைத் திரட்டிக்கொண்டு கிராமத்தை விட்டு ரெனாமோ பக்கம் போன நிகழ்வை ஜெஃப்ரே விரிவாக ஆராய்ந்தார்.

1983 இந்த விளக்கத்துக்கு மேலும் சான்று தருகிறது. அவ்வாண்டில் ‘உற்பத்தி நடவடிக்கை’ என்ற பெயரில் நகரங்களில் வேலையற்றோர் எனக் கருதப்பட்டவர்கள் பிடிக்கப்பட்டு, நியாசா போன்ற தொலை மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். கசையடித் தண்டனையும் சட்டமானது. வறட்சியும் பஞ்சமும் சேர்ந்துகொண்ட ஆண்டு அது. அரசின் மேல் மனக்குறை கொள்ள மக்களுக்குக் காரணம் இருந்தது என்பதை எந்த நேர்மையான ஆய்வாளரும் மறுக்க இயலாது.

ஆனால் மனக்குறையிலிருந்து நேரே போருக்கு வர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் எழுப்பிய தடைகள் கனமானவை. கூட்டுக் கிராமங்கள் மிகுதியாக அமைந்த மாகாணம் வடகோடியிலுள்ள காபோ டெல்காடோ. ரெனாமோ மிகவும் வலுக்குன்றி இருந்ததும் அதே மாகாணத்தில்தான். விடுதலைப் போரின் தொட்டிலாக இருந்த அங்கே ஃப்ரெலிமோவுக்குப் பழைய வேர் இருந்தது. தெற்கே காஸாவிலும் கூட்டுக் கிராமங்கள் பல இருந்தன. அங்கு ரெனாமோ ஆதரவைத் திரட்டவில்லை, பெரும் கொடுமைகளையே புரிந்தது. ஆக, ஒரே கொள்கை இடத்துக்கு இடம் வெவ்வேறு விளைவைத் தந்துள்ளது. எராட்டியிலேயே பின்னர் ஆய்வு செய்த ஆலிஸ் டைனர்மன், 2006இல் வெளிவந்த நூலில், அரசுக்கும் குலத்தலைவர்களுக்கும் இடையிலான முறிவு சொல்லப்படும் அளவுக்கு முழுமையானதல்ல என்று வாதிட்டார். அடிமட்ட நிர்வாகம் பல வேளைகளில் அத்தலைவர்களின் வழியாகவே நடந்தது என்பது அவர் கண்டது. நியாசாவின் மாவுவா வட்டாரத்தை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர் சயாகா ஃபுனாடா-கிளாசன் இன்னும் பின்னோக்கிச் சென்றார். விடுதலைப் போர்க்காலத்தில் போர்த்துகீசியர் அமைத்த காவல் கிராமங்களுக்குள் அடைபட்டவர்களுக்கும் காட்டில் ஃப்ரெலிமோவோடு இருந்தவர்களுக்கும் இடையே விழுந்த பிளவு, விடுதலைக்குப் பின்னும் ஆறவில்லை என்பதை அவர் ஆய்வு காட்டியது.

1988 ஏப்ரலில் ராபர்ட் கெர்சோனி அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அளித்த அறிக்கை இவ்வழக்கில் தனியிடம் பெறுகிறது. ஏறத்தாழ 200 அகதிகளைத் தனித்தனியே விசாரித்த அவர், ரெனாமோ புழங்கிய நிலத்தை மூன்று வகையாகப் பிரித்தார். முதலாவது, உணவும் அவ்வப்போது சுமைதூக்கும் உழைப்பும் வசூலித்துச் சென்ற பகுதி. இரண்டாவது, மக்களைத் தன் பிடியில் வைத்து உழைப்பைக் கட்டாயமாகப் பறித்த பகுதி. மூன்றாவது, ஊர்களைத் தாக்கி அழித்த பகுதி. பொதுமக்களில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றும், விசாரணையில் தெரிந்த கொடுமைகளில் மிகப் பெரும்பாலானவை ரெனாமோ செய்தவை என்றும் அவர் கூறினார். அரசுப் படையின் குற்றங்களும் அதில் பதிவாயின. ரெனாமோவை ஆதரிக்கச் சொல்லி வாஷிங்டனில் எழுந்த குரல்களை அந்த அறிக்கை பெரிதும் அடக்கியது. அது காட்டிய மூவகை நிலத்தை நோக்கினால், நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே தோற்றக் கதை இல்லை என்பது விளங்கும். முதல் வகைப் பகுதியில் நின்று பேசியவருக்கும் மூன்றாம் வகைப் பகுதியிலிருந்து ஓடிவந்தவருக்கும் போர் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இச்சான்றுகளை ஒழுங்குபடுத்தினால் தோற்றம் பற்றிய வழக்கு மூன்று கேள்விகளாகப் பிரிகிறது. போரைத் தொடங்கியவர் யார் என்பது முதற்கேள்வி. ரொடீசிய உளவுத்துறையும் பின்னர் தென்னாப்பிரிக்க இராணுவமும் என்பதற்குச் சான்று ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. போர் ஓரிடத்தில் வேர்பிடித்து மற்றோரிடத்தில் வேர்பிடிக்காமல் போனது ஏன் என்பது இரண்டாம் கேள்வி. இங்கே அரசின் கிராமக் கொள்கையும் விடுதலைப் போர்க்காலப் பிளவுகளும் குலங்களுக்கிடையிலான பழம்பகையும் விடையாகின்றன. விடை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. போர் இத்தனை ஆண்டு நீடித்தது எதனால் என்பது மூன்றாம் கேள்வி. ஜெஃப்ரே நூலை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் விட்டுவிடும் பகுதி இதைப் பற்றியதே. ரெனாமோவிடம் போருக்கு அப்பால் திட்டம் ஏதும் இல்லை. போரே அந்தப் படையின் வாழ்வாதாரமாகிவிட்டது. விரும்பிப் போன மக்களும் பின்னர் அதன் பிடியில் சிக்கிக்கொண்டனர் என்று அவரே எழுதினார். புற ஏவலை அவர் மறுக்கவும் இல்லை.

முதற்கேள்விக்கான சான்றைக் கொண்டு இரண்டாம் கேள்வியை மூடுவதும், இரண்டாவதற்கான சான்றைக் கொண்டு முதலாவதை மறைப்பதும் இவ்வழக்கில் நிகழ்ந்த பெரும் தவறுகள். முன்னது ஃப்ரெலிமோ அரசின் தவறுகளுக்குத் திரைபோட்டது. பின்னது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு செய்த குற்றத்தின் பாரத்தை அதற்குப் பலியானவர்கள் மேலேயே ஏற்றியது. ஓர் ஊர் அரசின்மேல் வெறுப்புற்றிருந்தது என்பது, அவ்வூருக்குத் துப்பாக்கி அனுப்பியவரை விடுவிக்கும் வாதமாகாது. 1987 ஜூலையில் ஹொமொயின் என்ற ஊரில் 400க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதற்கு எந்தக் கூட்டுக் கிராமக் கொள்கையும் நியாயம் ஆகாது.

1994 அக்டோபரில் நடந்த முதல் பலகட்சித் தேர்தல் முடிவையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 250 இடங்களில் ஃப்ரெலிமோ 129, ரெனாமோ 112 பெற்றன. சொஃபாலா, மனிக்கா, டெட்டே, ஜாம்பேசியா, நம்புலா ஆகிய ஐந்து மாகாணங்களில் ரெனாமோ முந்தியது. ரெனாமோவுக்கு மக்கள் ஆதரவே இல்லை என்ற கூற்று அன்றோடு பொய்த்தது. ஆனால் 1994இல் விழுந்த வாக்கு 1977இல் போர் ஏன் தொடங்கியது என்பதற்குச் சான்றாகாது. பதினாறு ஆண்டுப் போரும் இரண்டாண்டு அமைதியும் அந்த வாக்காளரை மாற்றியிருந்தன.

வழக்குத் தீராததற்கு ஆவணங்களின் நிலையும் ஒரு காரணம். நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கப் பாதுகாப்புத் துறை ஆவணங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. மொசாம்பிக்கில் 1992 அக்டோபரிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அமைந்தது போன்ற உண்மை ஆணையம் அங்கு அமையவில்லை. போர் நிற்க அந்த மன்னிப்பு உதவியிருக்கலாம். ஆனால் சாட்சியங்கள் பொதுவெளியில் பதிவாகும் வாய்ப்பு அதனால் போயிற்று. போரைத் தாங்கிய தலைமுறையின் நினைவு இன்று மக்குவா, சேனா, ந்தாவ் மொழிகளில் முதியோரிடம் இருக்கிறது. ஆய்வுகளோ பெரும்பாலும் போர்த்துகீசியத்திலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளன.

பழைய வழக்கு புதிய உருவில் மீண்டுள்ளது. 2013இல் ரெனாமோவுக்கும் அரசுக்கும் மறுபடி மோதல் எழுந்து, 2019 ஆகஸ்டில் புதிய உடன்படிக்கையில் முடிந்தது. 2017 அக்டோபரில் காபோ டெல்காடோவின் மொசிம்போவா ட பிரையாவில் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சியால் பல லட்சம் பேர் வீடிழந்தனர். அதுவும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தீவிரவாதம் என்பது ஒரு விளக்கம். கடலோர எரிவாயுவும் மாணிக்கக் கற்களும் கிடைக்கும் மண்ணில் வேலையும் நிலமும் இழந்த இளைஞரின் சீற்றம் என்பது மற்றொன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாதம் ஆள் மாறி அப்படியே நடக்கிறது.

ஆகவே இக்கருத்தரங்கின் அமர்வுகள் மூன்று பணிகளை ஏற்கின்றன. முதலாவது, எராட்டி, மாவுவா போல இதுவரை ஆராயப்பட்ட சில வட்டாரங்களைத் தாண்டி, மாகாணங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. போர் வேர்பிடிக்காத ஊர்களையும் அதே கவனத்தோடு ஆராய்வது. இரண்டாவது, ஒவ்வொரு சாட்சியமும் எந்த வகை நிலத்திலிருந்து, எந்த ஆண்டில், யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் குறித்து எடைபோடுவது. மூன்றாவது, காரணத்தை விளக்குவதையும் குற்றத்துக்குப் பொறுப்பேற்கச் செய்வதையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இரண்டையும் செய்வது. பத்து லட்சம் வரையிலான உயிர்களைப் பலிகொண்ட போரின் காரணத்தைப் பிழையாகச் சொன்னால், அப்பிழை அடுத்த போருக்கான மருந்தையும் பிழையாக்கும். காபோ டெல்காடோவில் படை மட்டும் போதும் என்ற முடிவும் வேலைவாய்ப்பு மட்டும் போதும் என்ற முடிவும் அத்தகைய பிழையிலிருந்தே பிறக்கின்றன.