பி.பி.ஏ. பட்டம்: விதிகளும் தரமும்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாக இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டுப் படிப்பு, ஆறு செமஸ்டர். பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் தேறியவரும் சேரலாம் என்பதே பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதி. பி.காம். அப்படியல்ல, மேல்நிலையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களுக்கே அங்கே முதலிடம். அறிவியல் பிரிவு மாணவர் பலர் பி.பி.ஏ. பக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இங்கே வந்தாலும் கணக்கு விடுவதில்லை. முதல் ஆண்டிலேயே நிதிக் கணக்கியல் வந்துவிடும். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்பதெல்லாம் பள்ளியில் பார்த்தவருக்கு மறுபார்வை. மற்றவர் அடியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுகிறவர்களில் பலர் இடறுவது இந்தத் தாளில்தான்.

பட்டம் பெற 140 கிரெடிட் வேண்டும் என்பது மாநிலப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள கணக்கு. விருப்பத்தேர்வு அடிப்படையிலான இந்தக் கிரெடிட் முறை, தமிழ்நாட்டின் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2008-09 கல்வியாண்டு வாக்கில் வந்தது. பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது மாணவர் தேர்ந்தெடுக்கும் வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதிதான் படிப்பின் உடம்பு: மேலாண்மைக் கொள்கைகள், வணிகச் சட்டம், சந்தையியல், மனிதவள மேலாண்மை, நிதி மேலாண்மை, அடக்கவிலைக் கணக்கியல், புள்ளியியல், தொழில்முனைவு. கிரெடிட்டில் பெரும்பங்கு இதற்கே போகும். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் பாடங்கள் போன்றவை நான்காம் பகுதி. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் பின்னர் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியவற்றுக்கு உரியது. பெரும்பாலும் ஒரே ஒரு கிரெடிட்தான். ஆனால் அதைப் பெறாதவருக்கு 140 நிறைவதில்லை.

கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. இறுதிச் சராசரி எளிய சராசரி அல்ல. ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்து வருவது. 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளியும் 2 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் பெற்றவரின் சராசரி 7 அல்ல, 7.33. இதையே திருப்பிப் போட்டால் 6.67. எந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட் பட்டியலை. பலரும் கடைசி ஆண்டில்தான் அதைப் பார்க்கிறார்கள்.

தேர்வுக்கு முன்னால் நிற்கும் தடை வருகைப்பதிவு. வேலை நாட்களில் 75 விழுக்காடு வந்திருந்தால்தான் ஹால் டிக்கெட். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டி, காரணம் காட்டி எழுதலாம். 50க்கும் 65க்கும் இடையில் என்றால் அந்தச் செமஸ்டர் தேர்வு இல்லை. அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தாள்களைப் பிறகு எழுதலாம். 50க்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். விவரங்களில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு வேறுபாடு உண்டு; 75 என்ற எல்லை மட்டும் எங்கும் ஒன்றுதான். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவருக்குப் பாடத்தைவிட இந்த விதிதான் கடினம்.

ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண். அதில் 25 கல்லூரியே போடும் இன்டர்னல். 75 பல்கலைக்கழகத் தேர்வு. இன்டர்னலில் வகுப்புத் தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகை ஆகியவை சேரும். தேறுவதற்குப் பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு 30, இரண்டும் சேர்த்து 100க்கு 40 வேண்டும். இன்டர்னலில் தாராளமாகப் போடும் கல்லூரி உண்டு, கறாராகப் போடும் கல்லூரியும் உண்டு. அதனால்தான் எழுத்துத் தேர்வுக்கென்று தனிக் குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள்: இன்டர்னலில் 25க்கு 25 வாங்கியவரும் எழுத்துத் தேர்வில் 29 எடுத்தால் தேறவில்லை.

வினாத்தாளின் வழக்கமான அமைப்பைக் கவனித்தால் தேர்ச்சியின் தரம் எங்கே நிற்கிறது என்று புரியும். மூன்று மணி நேரத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்று என்பது பரவலான முறை. முதல் இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் 45 மதிப்பெண். தேர்ச்சிக்கு 30 போதும். ஆக, ஒரு பெரிய வினாவைக்கூடத் தொடாமல் ஒரு மாணவர் தேறிவிட முடியும். இறுதிக் கணக்குகளை முழுதாகத் தயாரிப்பது, ஒரு நிறுவனத்தின் சிக்கலை எடுத்து அலசுவது போன்றவை கேட்கப்படும் இடம் அந்தப் பத்து மதிப்பெண் பகுதிதான். வரையறைகளை மனப்பாடம் செய்தவரையும் தொழிலைப் புரிந்துகொண்டவரையும் தேர்ச்சிப் பட்டியல் பிரித்துக் காட்டுவதில்லை. அவர்களுடைய மதிப்பெண் காட்டுகிறது.

ஏட்டுப் படிப்புக்கு வெளியே நிறுவனப் பயிற்சியும் திட்ட அறிக்கையும் இருக்கின்றன. விடுமுறையில் ஒரு நிறுவனத்துக்குப் போய் அதன் நடைமுறையைப் பார்த்து அறிக்கை எழுதி, வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலோ சிவகாசி அச்சகமோ பக்கத்தில் இருக்கும் கல்லூரி மாணவருக்கு இதைப்போல வாய்ப்பு வேறில்லை. ஆனாலும் முந்தைய ஆண்டு அறிக்கையைப் பெயர் மாற்றி பைண்டிங் செய்து கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இந்தப் படிப்பில் மிக மலிவாக வீணாகும் பகுதி இதுதான்.

ஒரு தாளில் தவறியவர் அடுத்த செமஸ்டருக்குப் போகத் தடையில்லை. அரியராக வைத்து எழுதலாம். விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் கட்டணம் கட்டிக் கேட்கலாம். ஆனால் அரியரில் தேறியவருக்குத் தர வரிசையிலும் டிஸ்டிங்ஷனிலும் இடமில்லை. இரண்டும் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளிலும் தேறியவர்களுக்கு உரியவை. 60 விழுக்காடும் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 50 முதல் இரண்டாம் வகுப்பு, 40 முதல் மூன்றாம் வகுப்பு.

இந்த விதிகளை வகுப்பது பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. சென்னை லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை 1978லேயே தன்னாட்சி பெற்றவை. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியையும் பெற வேண்டும் என்றாயிற்று. அதுவரை மேலாண்மைப் படிப்பில் எம்.பி.ஏ. போன்ற முதுநிலைப் படிப்புகள்தான் அதன் வரம்புக்குள் இருந்தன, பி.காம். இப்போதும் இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட சட்டகம் வேறொரு வழியைக் காட்டுகிறது: மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்பதால், மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு முறையே தொடர்கிறது.

பட்டம் வாங்கியபின் எந்த வாசல் திறக்கும் என்பதை மதிப்பெண்ணே பல இடங்களில் முடிவு செய்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத் தேர்வுகளுக்கும் வங்கி அலுவலர் தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும், விழுக்காடு கேட்பதில்லை. ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான கேட் தேர்வுக்குப் பொதுப்பிரிவினர் 50, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்கள் 45 விழுக்காடு வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேரவும் பொதுப்பிரிவினருக்கு 50 வேண்டும். ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக சி.ஏ. இன்டர்மீடியட் சேர விரும்பும் வணிகவியல் பட்டதாரிக்கு 55, மற்றவர்களுக்கு 60. பல்கலைக்கழகம் 40ல் தேர்ச்சி கொடுத்தாலும் அடுத்த படிப்புகள் 50க்குக் கீழே பெரும்பாலும் இறங்கி வருவதில்லை. எனவே முதல் செமஸ்டரிலிருந்தே 50ஐத் தேர்ச்சி எல்லையாக வைத்துக்கொண்டு படிப்பதுதான் மாணவருக்குப் பாதுகாப்பு.