எடுத்தலும் வைத்தலும் அறமே
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை நம் அறக்கட்டளைகள் மருத்துவ முகாம்கள் வாயிலாகச் செய்து வருகின்றன. அம்மருந்தும் கருவியும் நம்மிடம் வந்து சேரும் வழியையும், நம்மை விட்டு நீங்கும் வழியையும் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

துறவியர் போற்றும் ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் விழிப்புடன் இருத்தல் என்பது அதன் பொருள். கழிவை உயிர்களுக்குத் தீங்கின்றி நீக்குதல் உத்சர்க்க சமிதி. இவை துறவியர்க்கு உரியவை எனினும், மருந்து இருப்பைப் பேணும் இல்லறத்தாரும் இவற்றிலிருந்து கற்க வேண்டியது மிகுதி.

உலகின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் மருத்துவத் துறையின் பங்கு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு என மதிப்பிடப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி பொருள்களை உண்டாக்குவதாலும், பொதிவதாலும், ஏற்றி அனுப்புவதாலும் நேர்வது. ஆகவே பயன்படாமல் வீணாகும் ஒரு பெட்டிக் கையுறையின் தீங்கு, அது நம்மிடம் வருமுன்பே தொடங்கிவிடுகிறது. காலாவதியான மருந்தைக் குப்பையில் எறிந்தால் அது மண்ணிலும் நீரிலும் கலக்கும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், அதனை உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பவோ உரிய நிலையத்தில் எரிக்கவோ பணிக்கின்றன. எரித்தாலும் எரிபொருள் செலவாகும், புகையும் எழும். ஒருவர் நோயையும் தீர்க்காத மருந்துக்காக இத்தனை உயிர்களுக்கு ஊறு செய்யலாமா?

இதற்கு வழிகாட்டி நம் மாநிலத்திலேயே உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அரசு மருத்துவமனைகள் தத்தம் கணக்கேட்டின்படி தேவையானவற்றைப் பெறச் செய்கிறது.

நாமும் மூன்று நெறிகளைக் கைக்கொள்வோம். முதலாவது, இருப்பேட்டையும் சென்ற முகாமின் செலவையும் பார்த்த பின்னரே வாங்குதல். இரண்டாவது, முதலில் காலாவதியாகும் மருந்தை முதலில் வழங்குதல். கொடையாக வரும் மருந்திலும் போதிய காலம் எஞ்சியுள்ளதா என நோக்க வேண்டும். மூன்றாவது, சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில், ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவற்றை ஊர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளப் பொது ஏடு ஒன்று வைத்தல். செறிவூட்டியை நெடுநாள் இயக்காது வைத்தால், அதனுள் உள்ள சியோலைட் ஈரத்தை ஏற்றுத் திறன் குன்றும். பழுது நீக்கி அடுத்த ஊருக்கு அளித்தால் அங்கே ஒருவர் மூச்சுக்குத் துணையாகும். புதியது வாங்கும் தேவையும் குறையும்.

மிகுபொருள் விரும்பாமை நம் இல்லத்துக்கு மட்டுமன்று, அறக்கட்டளையின் அலமாரிக்கும் உரிய நோன்பு. அடுத்த முகாமுக்குப் பொருள் வாங்குமுன் அந்த அலமாரியை ஒருமுறை திறந்து எண்ணிப் பார்க்குமாறு அன்புடன் வேண்டி அமைகிறேன்.

அறம் வளர்க!