அனுப்பினோம், போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

2011-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன் நான். எலெக்ட்ரிகல் படித்துவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போன கூட்டத்தில் ஒருவன். "உன் அனுபவத்தை மாணவர்களுக்குச் சொல்லுப்பா" என்று செயலாளர் கேட்டபோது, சாதனை எதையாவது சொல்லத்தான் ஆசைப்பட்டேன். யோசித்துப் பார்த்ததில், உருப்படியாகச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு தவறுதான். அதுவும் சின்ன விஷயம். ராத்திரியில் தானாக ஓடும் ப்ரோக்ராம் ஒன்று இமெயிலில் அனுப்பிய அட்டாச்மென்ட் பற்றிய கதை.

2017-ல் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 1,400 பேர். தினமும் யார் எத்தனை நிமிடம் ஓ.டி. பார்த்தார்கள் என்ற கணக்கை, பஞ்சிங் மெஷின் பதிவுகளிலிருந்து ஒரு பழைய சி ப்ரோக்ராம் தயாரிக்கும். ராத்திரி 1.30 மணிக்கு அது ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் முடித்துவிடும். 2 மணிக்கு நான் எழுதிய ஸ்க்ரிப்ட் அந்த ஃபைலை அட்டாச் செய்து கான்ட்ராக்டர் ஆபீசுக்கு மெயில் அனுப்பும். அதை வைத்து அவர்கள் சம்பளம் போடுவார்கள். இரண்டையும் கிளப்பி விடுவது கடிகாரம்தான். யூனிக்ஸ் தெரிந்தவர்களுக்கு 'கிரான்' என்றால் புரியும். பத்து நிமிட வேலைக்கு அரை மணி கொடுத்திருக்கிறோமே, தாராளம் என்று நினைத்தேன்.

ஒருநாள் கேட் பக்கம் ஒரு அக்கா என்னை நிறுத்தினார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "சார், நீங்கதானே கம்ப்யூட்டர்? சனிக்கிழமை பார்த்த ஓ.டி. எனக்கு வரவே மாட்டேங்குது. எங்க லைன்ல புதுசா சேர்ந்த யாருக்குமே வரல" என்றார். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது அப்போதைய தொழிற்சாலைச் சட்டம். நமக்கு டீச் செலவு மாதிரித் தெரியும் தொகை, அவர்களுக்கு வீட்டு வாடகை.

உடனே போய்ப் பார்த்தேன். எங்கள் சர்வரில் சனிக்கிழமை ஃபைல் இருந்தது. 1,400 வரியும் இருந்தது. அந்த அக்கா பேருக்கு நேரே 240 நிமிடம் என்று ஒழுங்காக இருந்தது. மெயில் லாக்கில் "அனுப்பப்பட்டது, 250" என்று போட்டிருந்தது. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா, கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். கான்ட்ராக்டரோ "கம்பெனி அனுப்புனதைத்தான் போட்டோம்" என்றார். இப்படியே பந்து இரண்டு பக்கமும் ஓடி இரண்டு மாதம் போனது. நடுவில் ஓடியது அந்த அக்காதான்.

இங்கே மாணவர்களுக்காக அந்த 250 பற்றி ஒரு வார்த்தை. மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அதில் 250 என்றால் "அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது" என்று மட்டும்தான் பொருள். போஸ்ட் ஆபீஸ் கவரை வாங்கிக்கொண்டது, அவ்வளவே. உள்ளே கடிதம் முழுசாக இருக்கிறதா, முகவரிக்காரர் கையில் கிடைத்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. அந்த முறை சாதாரண ஆங்கில எழுத்துக்களுக்காகப் பிறந்தது. படம், ஒலி, பிற ஃபைல் எல்லாம் மெயிலில் ஒழுங்காகப் போக 'மைம்' என்ற ஏற்பாடு வந்தபின்தான் வழி பிறந்தது. அதை வகுத்தவர்களில் ஒருவரான நதானியல் போரென்ஸ்டைன் 1992 மார்ச் 11-ல் அனுப்பிய மைம் அட்டாச்மென்ட், அவரும் நண்பர்களும் பாடிய பாட்டுக் குழுவின் படமும் பாட்டும்தான்! நம் ஹாஸ்டலில் பாடியவர்கள் யாரும் இப்படிச் சரித்திரத்தில் இடம்பெறவில்லை.

கதைக்கு வருகிறேன். மூன்றாவது முறை அந்த அக்கா சம்பளச் சீட்டோடு வந்தார். "இந்தத் தடவை வந்திருக்கு சார், ஆனா இதைப் பாருங்க" என்றார். அந்தச் சனிக்கிழமைக்கு நேரே 24 நிமிடம் என்று இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஓ.டி.யை அரை மணிக் கணக்கில்தான் எழுதுவார்கள். 24 நிமிடம் என்ற எண்ணே வர வழியில்லை. 240-ல் ஒரு சைபர் எங்கே விழுந்தது?

அன்றுதான் நம் லேப் ஞாபகம் வந்தது. பல்பு எரியவில்லை என்றால் நாம் மெயின் போர்டில் டெஸ்டரை வைத்துக்கொண்டு நிற்போம். ஆசிரியர் வந்து, "போர்டுல கரண்ட் இருக்கறது எனக்கும் தெரியும்டா. ஹோல்டர்ல இருக்கா பார்த்தியா?" என்பார். இரண்டு மாதமாக நான் போர்டிலேயே டெஸ்டரை வைத்திருந்தேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனேன். டீக்கடை மாடியில் இரண்டு ரூம். கணக்குப் பார்க்கும் பெரியவர், "வாங்க தம்பி, இவ்வளவு நாள் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" என்று இன்பாக்ஸைத் திறந்து காட்டினார். அவருக்கு வந்திருந்த சனிக்கிழமை ஃபைலில் 1,229 வரிதான். கடைசி வரி அந்த அக்கா. வரியின் கடைசி எண் 24. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. ஃபைல் நடுவில் அறுந்திருந்தது.

அளவைப் பார்த்தேன். 73,728 பைட். அதற்கு முந்தைய சனிக்கிழமை 69,632. அதற்கு முன் 77,824. மூன்றும் 4,096-ஆல் மீதியில்லாமல் வகுபடும். மனிதர்களின் பெயரும் எண்ணும் கொண்ட ஃபைல் இப்படி வாராவாரம் ரவுண்டாக முடியுமா? சி ப்ரோக்ராம் ஒவ்வொரு வரியையும் உடனே டிஸ்க்கில் எழுதாது. நினைவகத்தில் சேர்த்து வைத்து, எங்கள் சர்வரில் 4,096 பைட் நிரம்பியதும் மொத்தமாக எழுதும். வாளி நிரம்பினால்தான் தொட்டியில் ஊற்றுகிற மாதிரி. ஆக, ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் ஸ்க்ரிப்ட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

ஏன் சனிக்கிழமை மட்டும்? இரண்டு மாதம் முன்பு டேட்டாபேஸ் பேக்கப்பை சனிக்கிழமை ராத்திரி 1 மணிக்கு மாற்றியிருந்தார்கள். அது ஓடும்போது பத்து நிமிட வேலை நாற்பது நிமிடம் இழுத்தது. 2 மணிக்கு மெயில் போய்விடும், 2.10-க்கு ஃபைல் முழுமையாகும். காலையில் நான் வந்து பார்க்கும்போது 1,400 வரியும் அழகாக உட்கார்ந்திருக்கும். டோக்கன் எண் வரிசையில் எழுதுவதால் அறுபட்டவர்கள் எல்லாம் கடைசியில் சேர்ந்தவர்கள். கேட்கத் தைரியம் குறைந்தவர்களும் அவர்கள்தான்.

பரிகாரம் சின்னதுதான். ஃபைலை வேறொரு பெயரில் எழுதி, முழுசாக மூடிய பிறகே சரியான பெயருக்கு மாற்றச் செய்தேன். மெயிலைக் கடிகாரத்திடமிருந்து பிடுங்கி, ப்ரோக்ராம் வெற்றியாக முடிந்தால் மட்டும் கிளம்பும்படி கட்டினேன். கடைசி வரியாக "மொத்தம் இத்தனை பேர், இத்தனை நிமிடம்" என்று சேர்த்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை; பழைய கணக்குப்பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போட்டதுதான்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. மெயில் திரும்பி வந்தால் அது சர்வரின் ரூட் கணக்குக்குப் போய் விழும். அதை யாரும் திறந்ததே இல்லை. உள்ளே, மாதக் கடைசியில் போகும் பெரிய ஃபைல் "அளவு அதிகம்" என்று திரும்பி வந்த கடிதங்கள் கிடந்தன. 16 எம்.பி. ஃபைல்தான், வரம்பு 20. ஆனால் மெயிலில் போகும்போது மூன்று பைட் நான்காக ஊதிவிடும். 16 என்பது 21-க்கு மேல் ஆகிவிடுகிறது. அன்றே திரும்பும் முகவரியாக என் பெயரைப் போட்டேன்.

மற்ற வியாதிகளுக்கு நேரம் இல்லை. தமிழ்ப் பெயர்கள் எக்ஸெலில் தலையில் கோடு போட்ட 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உமாகத் தெரிந்தால், ஃபைலைக் குறை சொல்லாதீர்கள், அது யூ.டி.எஃப்-8 என்று எக்ஸெலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 00417 என்ற டோக்கன் 417 ஆவதும் எக்ஸெல் செய்யும் உபகாரமே. சந்தேகம் வந்தால் முதலில் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

பிறகு நான் மேலதிகாரிக்கு ஒரு மெயில் எழுதினேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதச் சொன்னார்கள். என் ஸ்க்ரிப்ட் என்றே எழுதினேன். ஒன்பது சனிக்கிழமைகளின் கணக்கைத் திரும்ப ஓட்டி எடுத்து, அடுத்த சம்பளத்தோடு பாக்கியும் போட்டார்கள். அந்த அக்கா சீட்டைக் காட்டி, "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். அதோடு, "முதல் தடவையே கேட்டிருக்கலாம்ல" என்றும் சொன்னார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். கான்ட்ராக்டர் ஆபீஸ் பெரியவர். "தம்பி, இன்னிக்கு ஃபைல் வந்திருக்கு, ஆனா கடைசிக் கூட்டு வரி இல்லை. நான் சம்பளத்துல ஏத்தல. என்னன்னு பாருங்க." பல் தேய்க்காமலே கிளம்பினேன்.