பழைய லேப்டாப்புக்கு வைஃபை வருமா?



பீரோவுக்கு மேலே, துணி சுற்றி வைத்த ஒரு பழைய லேப்டாப் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. பெரிய பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கும். அரசுப் பள்ளியில் கொடுத்ததாக இருக்கும். பாரிசில் இருக்கிற சித்தப்பா லீவில் வந்தபோது விட்டுவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். எடுத்து சார்ஜ் போட்டால் உயிர் வருகிறது, திரையும் தெளிவாகத்தான் இருக்கிறது. வைஃபை மட்டும் பிடிப்பதில்லை. கடையில் கேட்டால், "இது ஓல்டு மாடல் சார், புதுசு வாங்கிடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி, அது அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்பு என்பது என் கட்சி.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிற பழைய இயந்திரங்கள் ஏராளம். தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். போட்டவுடன் முதலில் வருகிற புகார், வைஃபை வரவில்லை என்பதுதான்.

பழைய கருவியிலும் கம்பி இல்லாமல் கணினிக்குச் செய்தி அனுப்புவது நம் புதுச்சேரிக்குப் புதிதில்லை. வைஃபை என்ற பெயரே நம் காதில் விழாத 1998-லேயே அது இங்கே நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு, நம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. அதனால் வி.எச்.எஃப். அலைவரிசையில் இயங்கும் இருவழி வானொலிக் கருவிகளைக் கணினியோடு இணைத்து, வில்லியனூரிலிருந்து கிராமங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போனால் சூரிய மின்சாரம் கைகொடுத்தது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம், நடத்தியவர்கள் பெண்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்; கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. சுனாமி வருவதற்குள் சனங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். இன்றைய கணக்கில் அந்தக் கணினிகள் பொம்மைகள். ஆனால் வேலை நடந்தது. என்ன கருவி, எந்த அலைவரிசை, எவ்வளவு தூரம் எட்டும் என்பது அதை இயக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வைஃபையும் வானொலிதான். பண்பலை ஒலிபரப்பு 88-இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள் நடக்கிறது. வைஃபையின் பழைய பட்டை 2400-ஐ ஒட்டித் தொடங்குகிறது. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் அந்தப் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்தது 5000-க்கு மேலே உள்ள பட்டை; அதன் பெரும்பகுதி 2018 அக்டோபரில் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. ஆகவே உங்கள் லேப்டாப்பை ஒரு பழைய ரேடியோ பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவ் மட்டும் உள்ள பெட்டியில் எஃப்.எம். தேடினால் கிடைக்காது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சுவிட்ச். சிரிக்காதீர்கள். 2005-க்கும் 2012-க்கும் இடையில் வந்த பல லேப்டாப்களில், முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளுகிற சின்னஞ்சிறு சுவிட்ச் ஒன்று உண்டு. பையில் வைக்கும்போது தானாகத் தள்ளிக்கொள்ளும். அது அணைந்திருந்தால் உள்ளே என்ன செய்தாலும் வைஃபை எழாது. சுவிட்ச் இல்லாத மாடல்களில், மேல்வரிசை எஃப் பொத்தான் ஒன்றில் கோபுரம் போன்ற படம் இருக்கும். எஃப்.என். பொத்தானோடு சேர்த்து அதை அழுத்த வேண்டும்.

சுவிட்ச் சரி, பட்டியலும் விரிகிறது. எதிர்வீட்டுக்காரர் வைஃபை தெரிகிறது, மாடி வீட்டுக்காரருடையது தெரிகிறது, உங்களுடையது மட்டும் இல்லை. இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். லேப்டாப் கேட்கிறது, வேலை செய்கிறது. உங்கள் வீட்டு மோடம் பேசுகிற அலைவரிசை மட்டும் அதற்கு எட்டவில்லை. பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது அந்த 2400 பட்டை மட்டுமே தெரியும். மோடத்தில் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டிக்கொண்டு இன்னொரு பெயர் வருகிறதே, அது 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. கைபேசிக்காரர்கள் விளம்பரம் செய்கிற 5ஜி-க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை, ஊரையே குழப்பிவிட்டார்.

2.4 பட்டைக்குள்ளேயும் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் சேனல்கள் இருக்கின்றன. இந்தியாவிலும் பிரான்சிலும் 1 முதல் 13 வரை அனுமதி. அமெரிக்காவில் வழக்கத்தில் உள்ளது 11 வரைதான். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பழைய லேப்டாப்பில் 12, 13 இரண்டும் காதில் விழாது. மோடம் தானாகவே 13-க்குத் தாவிவிட்டால், நியூஜெர்சியிலிருந்து மாமா கொண்டுவந்த லேப்டாப்புக்கு உங்கள் வீட்டு வைஃபை காணாமல் போய்விடும். பிரான்சிலிருந்து வந்ததற்கு அந்தத் தொல்லை வராது.

புதிய மோடம் வாங்கியதும் பழைய லேப்டாப் குருடாகிவிட்டது என்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. வைஃபை 6 என்ற புதிய முறையில் ஒலிபரப்பும் மோடத்தை, பழைய டிரைவர் மென்பொருளோடு இருக்கும் தன்னுடைய சில வைஃபை அட்டைகள் பட்டியலில்கூடக் காட்டாது என்று இன்டெல் நிறுவனமே அறிவித்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னது. பாதுகாப்பு முறையிலும் இதே கதை. 2018-இல் வந்த டபிள்யு.பி.ஏ.3 முறையை மட்டும் மோடத்தில் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்கு முந்தைய இயந்திரங்கள் பலவற்றால் உள்ளே நுழைய முடியாது. பட்டை, சேனல், பாதுகாப்பு முறைச் சிக்கல்களுக்கு நான் சொல்கிற வழி ஒன்றுதான். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறக்க இடம் இருக்கும். அதை 2.4 பட்டையில், டபிள்யு.பி.ஏ.2 பாதுகாப்போடு, பழைய லேப்டாப்புக்கென்றே திறந்துவிடுங்கள். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிறுத்திவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும் புது வசதிகளைக் குறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய கோளாறு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களிலும், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தாக்களின் வீடுகளிலும், பிரான்சிலிருந்து வந்த லேப்டாப் இருக்கும். அதன் விசைப்பலகை அசெர்த்தி முறையில் அமைந்தது. நம் பலகையில் க்யூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ. டபிள்யு இருக்கும் இடத்தில் இசட். எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில். எண்கள் வேண்டுமென்றால் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். யாராவது விண்டோஸை மாற்றி ஆங்கில அமைப்பில் போட்டுவிட்டால், பலகையில் அச்சிட்டிருப்பது ஒன்று, கணினிக்குள் போவது வேறொன்று. பாஸ்வேர்டு பெட்டியிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும். பாஸ்வேர்டு தவறு, தவறு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் மோடத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கண் படத்தை அழுத்தி, நீங்கள் அடிப்பது திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு அடியுங்கள். அது இல்லாவிட்டால் நோட்பேடில் அடித்துப் பார்த்து, அங்கிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள். மெனு பிரெஞ்சில் இருந்தால் 'மோத் அவியோன்' என்ற பொத்தானையும் ஒரு பார்வை பாருங்கள். விமானப் பயன்முறை அது. இயக்கத்தில் இருந்தால் வைஃபை வராது.

சரி, இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை; பாதுகாப்பு எச்சரிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் பீரோ மேல் கிடந்த லேப்டாப்பில், கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரி செத்திருக்கும். கணினி தான் இன்னும் 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2009-இல் வாழ்கிற கணினிக்கு அவை எல்லாம் இன்னும் பிறக்காதவை. தேதியைத் திருத்தினால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது லினக்ஸ் போட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதனால் விழுப்புரம், கடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸின் முகம் அப்போதே பழக்கம். வைஃபையில் இடிப்பது ஏன்? வைஃபை அட்டைக்குள் ஒரு சிறு மென்பொருள் ஏற்றினால்தான் அது பேசும். அதைச் செய்த நிறுவனங்கள் பல அந்த விவரத்தை வெளியே சொல்லவில்லை. அலைவரிசையையும் மின்திறனையும் மென்பொருளால் மாற்ற முடியும் என்பதால் அரசு விதிகளை மீறிவிடுவார்களோ என்பது ஒரு காரணம். தொழில் ரகசியம் இன்னொரு காரணம்.

அந்த நாளில் அதிகம் வசை வாங்கியது பிராட்காம் அட்டை. ஊதியம் வாங்காத ஆர்வலர்கள் அதை உடைத்தெடுத்த விதம் அழகானது. ஒரு குழு மூல டிரைவரை ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் எழுதி வைத்தது. மூல டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புது டிரைவரை எழுதியது. திருடினார்கள் என்று நாளைக்கு யாரும் வழக்குப் போட முடியாது பாருங்கள். 2006-இல் அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய அட்டைகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. 2023-இல் வந்த டெபியன் 12, இத்தகைய துணை மென்பொருள்களை நிறுவும்போதே சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. பழைய பிராட்காம் அட்டைக்கு உரியதைப் பகிர அனுமதி இல்லாததால் அது மட்டும் இன்னும் தனியாக இறக்க வேண்டியிருக்கிறது.

இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த மென்பொருள் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கிற சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, அமைப்புகளில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்குங்கள். தகவலும் கடத்துகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள் உதவாது. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அதே இணையம் கேபிள் வழியே லேப்டாப்புக்குப் போகும். லினக்ஸும் விண்டோஸ் 10-உம் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு டிரைவரை நிதானமாக இறக்கலாம். கைத்துணை வேண்டுமென்றால் புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். என்கிற கட்டற்ற மென்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்கிற லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பிடிக்கிறது, பக்கத்து அறைக்குப் போனதும் போய்விடுகிறது என்றால் சந்தேகம் ஏரியல் மேல். லேப்டாப்பின் ஏரியல் திரையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டையில் பொருந்துகின்றன. ஏதோ ஒரு சர்வீஸில் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். கடற்காற்றும் சும்மா இருக்காது. உப்பு ஈரம் அட்டையின் பொன்னிறப் பற்களில் படிந்து கறுத்துவிடும். ரேம் அட்டையை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டுவார்களே, அதே வைத்தியம் இதற்கும் எடுபடும். அட்டையையே மாற்றுவதானால் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தாங்கள் அங்கீகரிக்காத அட்டையைக் கண்டால் இயங்க மறுக்கிற பழைய திங்க்பேட், எச்.பி. மாடல்கள் உண்டு.

வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் சோர்ந்துவிடும், பழைய 2.4 கொஞ்சம் மேலாக ஊடுருவும். அந்த வீடுகளில் புது லேப்டாப்பைவிடப் பழையது உள் அறைக்குள் நன்றாகப் பிடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் முற்றத்தைப் பார்த்தபடி வையுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் சில நூறு ரூபாய்க்கு விரல் நகம் அளவு யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் கிடைக்கிறது. உங்கள் இயங்குதளத்தில் வேலை செய்யுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 7 ஓடுகிற இயந்திரத்தில் வைஃபை வந்துவிட்டது என்பதற்காக வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லை, கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தால், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் குடும்பப் படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.